பூனை படுத்த இடம்

கோலெட் மோரின் கதவைத் தட்டவில்லை. தோளால் தள்ளித் திறந்து, பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை உதறாமலே உள்ளே வந்து, ஒரு சாவிக்கொத்தை வோண்டா கோவலின் மேசைமேல் போட்டாள்.

"நாளைக்கு மத்தியானம் இதப் புடுங்கப் போறாங்க. அவங்க கையால புடுங்கறதுக்கு முன்னாடி நானே எங்கயாவது வச்சிட்டுப் போயிடலாம்னு பாத்தேன்."

அது கார்ஸ்விக் பள்ளிப் பேருந்தின் சாவி. கனடாவின் சஸ்காட்செவனில் அந்த ஊரைத் தெரியாதவர்களுக்கும் அந்த மஞ்சள் பேருந்து எப்படி இருக்கும் என்று தெரியும். ஓட்டுநர்கள் அதைத் தங்கள் வீட்டு முற்றத்திலேயே நிறுத்திக்கொள்வார்கள். ராத்திரி என்ஜின் உறையாமலிருக்க அதன் ஹீட்டர் வயரைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டுத் தூங்கப் போவார்கள். விடிவதற்கு முன் எழுந்து கிளப்பி, சூடேறும்வரை ஓடவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். கோலெட் இதைத்தான் பல குளிர்காலமாகச் செய்துவந்தாள்.

வோண்டா அடுப்பிலிருந்த கெட்டிலை இறக்கி அவளுக்குக் காப்பி ஊற்றினாள். எரிந்துபோன லாரி, தானாகத் தீப்பிடித்த அறுவடை இயந்திரம், நடுரோட்டில் செத்த டிராக்டர் என்று காப்பீட்டுக்காரர்கள் அனுப்பும் வண்டிகளை ஆராய்ந்து காரணம் சொல்வது அவள் தொழில். சாவிக்கொத்தைப் பார்த்தாள், தொடவில்லை. "உக்காரு. முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.

கோலெட் சொன்னாள். பேருந்து முதலில் இரண்டு காலை வேளைகளில் கிளம்பவே மறுத்தது. பள்ளி வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் பென்னர் புது பேட்டரி போட்டார். கொஞ்ச நாளில் அதுவும் சோர்ந்தது. நேற்றுக் காலை பக்கத்து வீட்டுக்காரர் எமில் வந்து கேபிள் மாட்டி, தன் டிராக்டரிலிருந்து கரண்ட் ஏற்றும் பூஸ்ட் கொடுத்து உசுப்பிவிட்டார். வயல்களுக்கு நடுவே சரளை ரோட்டில் ஒரு பண்ணை வீட்டுக்குப் பிரியும் பாதையின் முனையில், வீடு கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிறுத்தியபோது என்ஜின் இருமி நின்றது. திரும்பச் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். வெளியே மைனஸ் முப்பத்தாறு. உள்ளே பிள்ளைகள். எல்லோரையும் நடு சீட்டுகளில் ஒருவர்மேல் ஒருவராக நெருக்கி உட்காரவைத்து, இருந்த கம்பளியையெல்லாம் போர்த்தி, பாட வைத்தாள். அக்கம்பக்கப் பண்ணைகளிலிருந்து பிக்கப் வண்டிகள் வந்து அள்ளிப்போயின. ஒரு பிள்ளைக்கும் குளிரில் உறைந்து விரல் போகவில்லை.

"அதுக்கு நன்றி சொன்னாங்களா?" என்றது அறையின் மூலையிலிருந்து ஒரு கனத்த குரல். ஆர்லோ ஃபேர். உள்ளூர் வானொலியில் வானிலையும், பனித்தரையில் கல்லை வழுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்தின் முடிவுகளும், தொலைந்த நாய்களின் அங்க அடையாளங்களும் படிக்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். வோண்டாவின் கொட்டகையில் கரியும் கம்பியும் பார்ப்பதைவிட இன்பமான பொழுதுபோக்கு அவருக்கு இல்லை.

"நன்றியா? ராத்திரி விளக்கை அணைக்காம தூங்கிட்டேனாம். அதான் பேட்டரி செத்துச்சாம். இல்லன்னா ஹீட்டர் ஃபேனை ஓட விட்டேனாம். பள்ளிச் சபையில எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க."

"அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றாங்க?" என்றாள் வோண்டா.

"பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர பென்னர் இலையுதிர் காலத்துலதான் புதுசா மாத்தினார். அது நல்லா இருக்குன்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்களே. பென்னர் மீட்டர் வச்சுப் பாத்தார். எமில் அவர் பாணியில பாத்தார். அவரு என் பக்கம்தான். எனக்காகத்தான் சபையில எந்திரிச்சுப் பேசினார். ஆனா பொய் சொல்ல மாட்டாரே. வண்டி நல்லா இருக்குன்னு உள்ளதச் சொன்னார். வண்டி நல்லா இருந்தா, அப்புறம் நான்தானே மிச்சம்?"

குற்றம் எங்கே என்று தெரியாதபோது, சம்பளம் குறைந்த ஆளிடமிருந்து தேடத் தொடங்குவது எல்லா ஊர்ச் சபைகளுக்கும் கைவந்த வேலை. அதற்குப் படிப்பு தேவையில்லை. கோலெட்டுக்கு அந்த வேலையோடு அவள் பெயரும் போகும். பிள்ளைகளைக் குளிரில் தவிக்கவிட்டவள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்த ஊரில் அவளுக்கு யாரும் ஒரு சைக்கிளைக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

வோண்டா கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினாள். எந்த வண்டியைத் தொடுவதற்கு முன்னும் அவள் அதைச் செய்வாள். மோதிரம் பேட்டரி முனைக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் விரலோடு சேர்ந்து பழுக்கும் என்று ஆர்லோவுக்கு ஒருமுறை விளக்கியிருந்தாள். அன்றிலிருந்து அவரும் மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் அவளோடு கிளம்புவார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கோலெட்டின் முற்றத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது. எதிர்வீட்டு டாட் பிரான்வோல்ட், தன் பிக்கப்பைப் பேருந்தின் மூக்கோடு மூக்கு வைத்து நிறுத்தி, உதட்டில் சிகரெட்டோடு பூஸ்ட் கேபிளைப் பிரித்துக்கொண்டிருந்தான். மாற்று ஓட்டுநர் அவன். கோலெட் போனால் அந்த வழித்தடம் அவனுக்குத்தான். சபைத் தலைவி லொரெய்ன் அவனுக்கு அத்தை. ஆர்லோ வோண்டாவின் விலாவில் முழங்கையால் இடித்தார்.

டாடை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியதும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வண்டி செத்துக் கிடந்தால், சண்டைக்காரன்கூடக் கேபிளோடு வந்து நிற்பான். நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வான்.

பக்கத்தில் எமில் சவ்சுக் ஃபிளாஸ்கோடு நின்றிருந்தார். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவர் வலது கையுறையில் கட்டைவிரல் நுனி கருகி, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது.

"மத்தவங்களுக்குப் பூஸ்ட் குடுக்க வந்துட்டான் பாரு" என்று டாடைச் சீண்டினார் எமில். "அவன் வண்டியோட ஹீட்டர் வயர் அறுந்து வாரக்கணக்காச்சு. தினம் காலைல என் டிராக்டர்தான் அத எழுப்பி விடுது."

"வயர் வாங்கணும், வாங்கணும். அதுக்குத்தான் பகல்ல வண்டிய அணைக்கறதே இல்ல" என்றான் டாட்.

கோலெட் பேருந்தின் பானெட்டை உள்ளங்கையால் மூன்று முறை அடித்தாள். குளிர் நாட்களில் உள்ளே சூட்டுக்குப் படுத்திருக்கும் பூனையை விரட்ட எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சாம்பல் நிறப் பூனை ஒன்று சக்கரத்துக்குப் பின்னாலிருந்து குதித்து, அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடியது.

"பிரோகி. ராத்திரி முழுக்க இதுக்குள்ளதான் குடித்தனம்" என்றாள் கோலெட். பானெட்டைத் தூக்கினாள். டாட் கேபிளோடு குனிந்தான்.

"டாட்" என்றாள் வோண்டா. குரல் உயரவில்லை. "சிகரெட்ட பனியில போடு. கேபிளக் கீழ வை. பின்னாடி போ."

"ஏன், நான் பூஸ்ட் குடுத்ததே இல்லையா?"

"குடுத்திருப்ப. இதுக்குக் குடுத்தா அடுத்ததுக்குக் குடுக்கக் கண்ணு இருக்காது. பக்கத்தைப் பாரு."

பேட்டரியின் பெட்டி, ரொம்பச் சாப்பிட்டவன் வயிறுபோல இருபுறமும் புடைத்திருந்தது. ஓரத்தில் மயிரிழை விரிசல். அதில் பனிக்கட்டி மினுங்கியது. வோண்டா சொன்னாள்: சார்ஜ் நிரம்பிய பேட்டரி இந்தக் குளிரைத் தாங்கும், வடிந்துபோனதின் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர், அது உறைந்துவிடும். உறைந்ததற்குள் கரண்டைத் திணித்தால் வாயு கூடும். ஒரு பொறி போதும். வெடித்து அமிலம் நேராகக் குனிந்திருப்பவன் முகத்துக்கு வரும். டாட் சிரிக்க முயன்று, விரிசலை இன்னொரு முறை பார்த்து, மெல்ல நகர்ந்துகொண்டான். சிகரெட்டைத் தானே மிதித்து அணைத்தான்.

அவள் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டாள். ஆர்லோவுக்கும் ஒன்று நீட்டினாள். நெகடிவ் கேபிளை முதலில் கழற்றினாள், பாசிடிவை அப்புறம்.

"எப்பவும் இந்த வரிசைதானா?" என்றார் ஆர்லோ.

"பாசிடிவ முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் வண்டி உடம்புல பட்டா, ஸ்பேனர் வெல்டிங் ராடு ஆயிடும். நெகடிவ முதல்ல எடுத்துட்டா, பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் இறக்கியபோது அவள் கை ஒரு நொடி நின்றது. ஆர்லோ எட்டிப் பார்த்தார். புது பேட்டரி, மேலே கடை ஒட்டுச்சீட்டுகூட உரியவில்லை. ஆனால் அதன் நெகடிவ் முனையில் மட்டும் அம்மைத் தழும்புபோலச் சின்னச் சின்னக் குழிகள். ஒன்றிரண்டு இடத்தில் ஈயம் உருகி மணியாக உறைந்திருந்தது. பாசிடிவ் முனை வழுவழுவென்று இருந்தது.

வோண்டா அந்தக் குழிகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். தன் வேனில் கதகதப்பாக வைத்திருந்த வேறு பேட்டரியை மாட்டினாள். மீட்டர் பன்னிரண்டரைக்குச் சற்று மேலே காட்டியது, நிரம்பிய பேட்டரி. பேருந்து கிளம்பியது. ஓடும்போது பதினான்கு.

"பாத்தீங்களா?" என்றான் டாட். "பதினாலு வந்தா சார்ஜ் ஆகுதுன்னு அர்த்தம். பென்னர் சொன்னதும் இதான்."

"ஆகுது" என்று ஒத்துக்கொண்டாள் வோண்டா.

கோலெட்டின் முகம் விழுந்தது. வோண்டா என்ஜினை அணைத்து, எல்லா விளக்கையும் ஃபேனையும் நிறுத்தி, நால்வரையும் உள்ளே கூட்டிப்போய் ஒவ்வொரு சுவிட்சாகக் காட்டினாள். கதவுகளிலும் பானெட்டிலும் டேப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டாள். சாவியைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "இன்னிக்கு ராத்திரி ஹீட்டரச் செருக வேணாம்" என்றாள்.

எமிலுக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. "செருகலன்னா காலைல கல்லா கிடக்கும்மா. பாவம் அந்தப் பொண்ணு, அவ வயித்துல ஏன் அடிக்கற?"

"கிடக்கட்டும் எமில். கல்லு எங்க கல்லா இல்லன்னு பாக்கணும்."

மறுநாள் காலை வெயில் ஏறியதும் ஆர்லோ எல்லோருக்கும் முன்னால் அங்கே நின்றார். டேப் ஒன்றும் கிழியவில்லை. கையெழுத்து ஒன்றும் கலையவில்லை. சுற்றிலும் புதுப் பனியில் காலடி இல்லை, பூனையின் பாதங்களைத் தவிர. அவை கொட்டகையிலிருந்து வந்து பேருந்தின் அடியில் மறைந்தன, திரும்பவில்லை.

வோண்டா பானெட்டை மூன்று முறை அடித்தாள். பிரோகி குதித்தது. டேப்பைப் பிரித்து பானெட்டைத் தூக்கி மீட்டரை வைத்தாள். நேற்று நிரம்பியிருந்த பேட்டரி பன்னிரண்டுக்கும் கீழே இறங்கியிருந்தது.

ஆர்லோ தன் வானொலிக் குரலில் கிசுகிசுத்தார். "பூட்டின அறைக்குள்ள திருட்டு. விளக்கு எரியல, கதவு திறக்கல, சரக்கு மட்டும் காணோம்."

"காணாமப் போகல. எங்கயோ சூடா மாறியிருக்கு. எங்க தெரியுதா?"

ஆர்லோ பார்த்தார். என்ஜின்மேல் எல்லாம் வெண்பனி. குழாய்கள், ஃபில்டர் மூடி, பெல்ட், போல்ட்டுகளின் தலைகள் எல்லாம் சர்க்கரை தூவியதுபோல். ஒரே ஓர் இடம் மட்டும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. ஆல்டர்னேட்டர். அதன்மேல் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருந்தது.

"பூனை படுத்த சூடு" என்றார் ஆர்லோ.

"பூனை சூட்டக் கொண்டு வராது ஆர்லோ, சூட்டத் தேடிப் போகும். ஹீட்டர் செருகியிருந்தா என்ஜின் முழுக்க வெதுவெதுன்னு இருக்கும், அது எங்க வேணா படுக்கும். அதனாலதான் செருக வேணாம்னேன். நேத்து ராத்திரி இந்த வண்டியில சூடா இருந்தது ஒரே இடம். கைய வச்சுப் பாருங்க."

வைத்தார். இளஞ்சூடு. அந்தக் குளிரில் அது ஒரு உயிருள்ள பொருளைத் தொட்டதுபோல இருந்தது.

பிறகு அவள் செய்ததை ஆர்லோ இன்றும் ஒரு கர்லிங் இறுதியாட்டத்தை வர்ணிப்பதுபோல வர்ணிப்பார். நெகடிவ் கேபிளைச் சுற்றி, ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவைத்தாள். எதுவும் ஓடாத வண்டியில் நான்கு ஆம்பியருக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. நெகடிவைக் கழற்றினாள். ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைப் பிரித்து, முனையை டேப்பால் சுற்றி எதிலும் படாமல் ஒதுக்கிவைத்தாள். நெகடிவைத் திரும்ப மாட்டினாள். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்து நின்றது. கரண்ட் ஒழுகியது அந்த வயர் வழியாகத்தான். அவசரமில்லை, ஒரு அசைவும் வீணில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் மட்டும் மின்னின.

"கிடைச்சிட்டான்" என்றார் ஆர்லோ. "பென்னர். இலையுதிர் காலத்துல புது ஆல்டர்னேட்டர் போட்டேன்னு சொல்லி ஓட்டை சாமானப் போட்டிருக்கார். இல்லன்னா டாட் ஏதோ பண்ணியிருக்கான். மத்தியானச் செய்தியில..."

"செய்தி வேணாம். இலையுதிர் காலத்துல நல்லாத்தான் இருந்திருக்கும். இல்லன்னா அப்பவே பேட்டரி செத்திருக்கும். அதுக்கப்புறம் ஏதோ கொன்னிருக்கு. பேட்டரி முனையில பாத்தீங்களே, குழி குழியா?"

"பாத்தேன்."

"அது போதும்" என்றுவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தவள் எமிலின் பழைய டிராக்டரைப் பற்றி மட்டுமே பேசினாள். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார், டைனமோகூட அந்தக் காலத்து டைனமோ, இன்னும் ஓடுகிறது என்று. கோலெட்டின் வாழ்க்கை மத்தியானம் கூடும் கூட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்க, இவள் டிராக்டரை மெச்சுகிறாளே என்று ஆர்லோவுக்கு எரிச்சல் வந்தது.

கூட்டம் கர்லிங் அரங்கின் மாடியில். கீழே கல் வழுக்கும் ஓசை. மாடியெங்கும் யாரோ வைத்த சில்லி குழம்பின் வாசனை. லொரெய்ன் பிரான்வோல்ட் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சபையின் மற்றவர்கள் அவள் எப்போது தலையசைப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்னர் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம். டாடும் எமிலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில். கோலெட் கோட்டைக் கழற்றவில்லை. எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக இருப்பவள்போல இருந்தாள்.

"விளக்க அணைக்கலங்கறதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றாள் லொரெய்ன்.

"அதுலயே முடிக்கலாம்" என்றாள் வோண்டா. டேப் ஒட்டிய கதையை, டாடும் எமிலும் சாட்சியாக நின்றதை, காலையில் மீட்டர் காட்டியதைச் சொன்னாள். "எல்லாம் அணைஞ்ச வண்டியில, சாவி என் பையில இருக்கும்போது, பேட்டரி வடிஞ்சிருக்கு. கோலெட் அப்ப அவ வீட்டுல தூங்கிட்டிருந்தா. அவ விளக்கையும் விடல, ஃபேனையும் விடல. முந்தி செத்ததும் இப்படித்தான்."

"ஆனா பதினாலு வோல்ட் காட்டுதே" என்றார் பென்னர். "நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன். நீங்க தப்பா அளக்கல. ஓடும்போது மட்டும் அளந்தீங்க." அவள் ஒரு காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். "ஆல்டர்னேட்டருக்குள்ள டையோடுன்னு சின்னச் சின்னக் கதவு இருக்கு. கரண்ட பேட்டரி பக்கம் போக விடும், திரும்பி வர விடாது. அதுல ஒண்ணு உடைஞ்சிருக்கு. வண்டி ஓடும்போது மத்த கதவெல்லாம் சேர்ந்து சமாளிக்கும். மீட்டர் நல்ல பேர் சொல்லும். நின்னதும் உடைஞ்ச கதவு வழியா ராத்திரி முழுக்க ஒழுகும். ஒழுகற கரண்டு அங்கயே சூடாகும். பிரோகி அதுமேல சுகமாப் படுத்துக்கும். காலையில பாதி வெறுமையான பேட்டரியோட, ஹீட்டரும் விளக்கும் எல்லாம் போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வீடு நிறுத்திப் போனா, அடிபட்ட ஆல்டர்னேட்டரால ஈடுகுடுக்க முடியாது. சரளை ரோட்டுல நின்னது அதனாலதான்."

"அப்ப கெட்டுப்போன சாமான்" என்றாள் லொரெய்ன், பென்னரைப் பார்த்து. ஒரு ஆளை விட்டதும் அடுத்த ஆளைத் தேட அவளுக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

"இல்ல. நல்ல சாமான். யாரோ உடைச்சது. பொறாமையில இல்ல, காசுக்கும் இல்ல." டாடின் காது சிவந்தது. வோண்டா அவனைப் பார்க்கவேயில்லை. "புது பேட்டரியோட நெகடிவ் முனையில மட்டும் பொறி தின்ன குழி. கேபிள சும்மா கழட்டி மாட்டினா அப்படி வராது. கரண்டு பலமா ஓடிக்கிட்டிருக்கும்போது பிடுங்கினாத்தான் வரும். என்ஜின் ஓடும்போது யாரோ நெகடிவக் கழட்டியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை. கோலெட் காப்பி குடிக்க உள்ள போற நேரத்துல."

வோண்டா எமில் பக்கம் திரும்பினாள். அவள் குரல் இதுவரை இருந்ததைவிட மென்மையானது.

"எமில், ஆல்டர்னேட்டர் நல்லா இருக்குன்னு நீங்க இங்க வந்து சொன்னீங்க. எப்படிச் சோதிச்சீங்கன்னு யாராவது கேட்டாங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே." எமில் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ஜின ஓட விட்டு நெகடிவ் கேபிளத் தூக்கிடணும். என்ஜின் நின்னா டைனமோ செத்துச்சு. ஓடினா உயிரோட இருக்கு. இந்தச் சுத்துவட்டாரத்துல பாதி டிராக்டர அப்படித்தான் நான் பாத்துச் சொன்னேன். குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து கோலெட்டு வண்டியில எப்பல்லாம் கேபிளத் தூக்கினேனோ, அப்பல்லாம் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

பென்னர் கண்களை மூடிக்கொண்டார்.

"உங்க டிராக்டருக்கு அது சரி" என்றாள் வோண்டா. "பழைய டைனமோ அதப் பொறுத்துக்கும். இது வேற சாதி. ஆல்டர்னேட்டர் வேகமா கரண்ட அனுப்பிக்கிட்டே இருக்கும், பேட்டரிதான் அத வாங்கி அடக்கற ஏரி. ஓடும்போது பேட்டரியத் துண்டிச்சா, ஏரிக்குப் போற வெள்ளம் ஒரே நொடியில கரையில மோதும். வோல்டேஜ் எகிறி டையோட உடைக்கும். என்ஜின் நிக்காது. அதனால நல்லா இருக்குன்னு தோணும். நல்லா இருந்தத உடைக்கறதே அந்தச் சோதனைதான்."

எமில் தன் வலது கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, தைத்திருந்த கட்டைவிரலைத் தடவினார்.

"அப்ப பேட்டரி புதுசு மாத்த வேண்டி வந்தது..." என்றார். "அந்தப் புள்ளைங்க ரோட்டுல நின்னது..."

கோலெட்தான் பேசினாள்.

"எனக்கு ஒரு விரோதிகூட இல்லாமலே என் வேலை போயிருக்கும்" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. எழுந்துபோய் எமில் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளைத் தொடவில்லை, அவள் அந்த மாதிரி ஆள் இல்லை. உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

லொரெய்ன் தொண்டையைச் செருமினாள். "அப்படின்னா, பொறுப்பு மிஸ்டர் சவ்சுக்..."

"பொறுப்பு இந்த மேசைக்கு" என்றாள் வோண்டா. அந்த மத்தியானம் அவள் குரல் ஏறியது அப்போது மட்டும்தான், அதுவும் கொஞ்சம்தான். "ஒரு பக்கத்து வீட்டுக்காரர் அன்பா சொன்ன வார்த்தைய ஆதாரமா எடுத்துக்கிட்டீங்க. எப்படிப் பாத்தீங்கன்னு ஒரு கேள்வி கேட்கல. டையோடப் பத்தி உங்களுக்குத் தெரியலன்னா அது குத்தமில்ல. தெரியாத ஒண்ண வச்சு, மைனஸ் முப்பத்தாறுல அத்தனை பிள்ளைங்களையும் முழுசாக் கொண்டுவந்து சேத்தவ கையிலிருந்து சாவியப் பறிக்கப் பாத்தீங்க."

கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து லொரெய்ன் முன்னால் வைத்தாள். லொரெய்ன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசையின் மறுகோடிக்கு, கோலெட் பக்கமாக, விரலால் தள்ளினாள்.

கோலெட் எடுக்கவில்லை.

"தள்ளாதீங்க" என்றாள். "எந்திரிச்சு வந்து கையில குடுங்க."

லொரெய்ன் பிரான்வோல்ட் எழுந்து வந்து கையில் கொடுத்தாள். கீழே யாரோ நல்ல கல் எறிந்திருக்க வேண்டும். ஒரு ஆரவாரம் எழுந்து அடங்கியது. அது தங்களுக்காகத்தான் என்று ஆர்லோ இன்றுவரை சொல்லிவருகிறார்.

பென்னர் அன்று சாயங்காலத்துக்குள் புது ஆல்டர்னேட்டரைப் போட்டார். மறுநாள் பள்ளி இல்லை. ஆகவே இன்னொரு ராத்திரியும் ஹீட்டர் செருகாமல் நிற்கட்டும், கடைசியாக ஒருமுறை அளந்துவிடலாம் என்று சொல்லியிருந்தாள் வோண்டா.

காலையில் எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். எமில் ஃபிளாஸ்கைக் கொண்டுவந்திருந்தார், ஆனால் பேருந்துக்குப் பத்தடி தள்ளியே நின்றார். கோலெட் பானெட்டை மூன்று முறை அடித்தாள். ஒன்றும் குதிக்கவில்லை. உள்ளே ஆல்டர்னேட்டர் மற்ற எல்லாவற்றையும்போல வெள்ளை வெளேரென்று பனி பூத்திருந்தது. மீட்டர் நிரம்பிய பேட்டரியைக் காட்டியது. கோலெட் சாவியைத் திருப்பினாள். உறைந்த என்ஜின் முனகியது. ஆனால் பேட்டரி சோராமல் சுழற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பிடித்துக்கொண்டது.

"பிரோகி எங்க?" என்றார் ஆர்லோ. வழக்கு முடிந்துவிட்டதில் அவருக்குச் சற்று ஏமாற்றம்.

வோண்டா காப்பிக் கோப்பையோடு பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூனையின் பாதங்கள் கொட்டகையிலிருந்து வந்து பேருந்தை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தன. உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிய தடம். அப்புறம் நேராக ரோட்டைக் கடந்து, எதிர்வீட்டு முற்றத்துக்குப் போயிருந்தன. அங்கே டாடின் பிக்கப் நின்றது. ஹீட்டர் வயர் அறுந்த, ராத்திரி முழுக்க அணைந்தே கிடந்த, தினமும் காலையில் கிளம்ப மறுக்கும் பிக்கப். பாதங்கள் அதன் அடியில் போய் முடிந்தன.

"டாட்" என்றாள். "உன் வண்டி காலையில கிளம்பாதது வயராலதானே?"

"பின்ன?"

"எமில் அத எப்பவாவது சோதிச்சாரா?"

டாட் எமிலைப் பார்த்தான். "போன மாசம். நல்லா இருக்குன்னு சொன்னாரு."

எமில் ஃபிளாஸ்கை கோலெட்டின் கையில் கொடுத்துவிட்டு, தைத்த கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, ரோட்டைக் கடந்தார். பிக்கப்பின் முன்னால் போய் நின்றார். பானெட்டைத் திறக்கவில்லை. உள்ளங்கையை விரித்து, மெதுவாக, மூன்று முறை அடித்தார்.

பிரோகி குதித்தது.